மாரி காலத்துக்கு எந்த டயர்? பல்லேபொலப் பக்கத்துச் சைக்கிள் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஐப்பசியில் மாலை இடியோடு தொடங்கும் மழை, மார்கழியிலும் தையிலும் வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்துகொண்டு நாள்கணக்கில் பெய்யும். மாத்தளை மாவட்டத்தில் தரை காயாத மாதங்கள் இவைதான். இந்த மாதங்களில் பல்லேபொலவில் ஒரு சைக்கிள் ஒரே பயணத்தில் நாலு விதமான தரையைப் பார்த்துவிடும். வாசலில் பாசி பிடித்த கொங்கிரீட், அதைத் தாண்டினால் மழை அரித்த கிரவல் பாதை, குறுக்கே போனால் வயல் வரம்பின் களி, கடைசியில் மாத்தளைப் பக்கம் போகும் காபட் வீதி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், பின் கேரியரில் மிளகு மூட்டை கட்டிப் போகும் மாமாவும், ஞாயிற்றுக்கிழமை மலைச் சைக்கிளில் கிளம்பும் தம்பிமாரும் ஓட வேண்டியது இதே நாலு தரையில்தான்.

கடையில் போய் "மழைக்கு நல்ல டயர் ஒன்னு தாங்க" என்று கேட்டால், பெரும்பாலும் பார்வைக்கு மிரட்டலான ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார்கள். பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்கள் வழியை எண்ணுங்கள். வீட்டிலிருந்து போகும் இடம்வரை எவ்வளவு தூரம் காபட், எவ்வளவு தூரம் கிரவல், எங்கே களி என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். முக்கால்வாசி வீதியும் கால்வாசி கிரவலும் என்றால், நடுவில் பட்டன்கள் (மேலே துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகள்) நெருக்கமாகவும் தாழ்வாகவும், ஓரத்தில் மட்டும் சற்று உயர்ந்தும் நிற்கும் டயர் போதும். பாதித் தூரம் வயலும் தோட்டமும் என்றால் பட்டன்கள் விலகி நிற்க வேண்டும். முழுக்க முழுக்கக் களியில் ஓடுகிறவர் நம் பக்கத்தில் மிகக் குறைவு. ஆனாலும் கடைகளில் தொங்குவதில் பாதி அந்த மிகக் குறைவானவருக்கான டயர்தான்!

2. எண்ணைப் பாருங்கள், இஞ்சியை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 54-559 என்றோ 37-622 என்றோ கோடு போட்டு இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் போய் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண் பழைய டயரிலும் புதிய டயரிலும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

சாதாரண 26 இஞ்சி மலைச் சைக்கிளுக்கு அது 559. அக்காமார் ஓட்டும் பழைய 26 இஞ்சிச் சைக்கிளில் 26 x 1⅜ என்று போட்டிருந்தால் அது 590. இரண்டும் "இருபத்தாறு"தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 27.5 என்று வருவது 584. 29 என்றும் 700 என்றும் வருவது இரண்டும் 622. தாத்தா காலத்துப் பெரிய சைக்கிளின் 28 x 1½ டயர் 635. இன்னொரு பொறியும் உண்டு: 26 x 1.75 என்று தசமத்தில் எழுதியதும் 26 x 1¾ என்று பின்னத்தில் எழுதியதும் வெவ்வேறு டயர்கள். முதலாவது 559, இரண்டாவது 571. கணக்குப் பாடத்தில் 1.75-உம் 1¾-உம் ஒன்று, டயர் கடையில் வேறு வேறு.

பழைய டயரின் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போவது எல்லாவற்றையும்விடச் சுலபம். மாத்தளை வரை பஸ்ஸில் போய்த் தவறான டயரோடு திரும்பும் வேலை மிச்சமாகும்.

3. ஈரத் தார் வீதிக்குப் பட்டன் டயர் தேவையே இல்லை. பலரும் நம்ப மறுக்கும் விஷயம் இது. கார் டயரில் பள்ளங்கள் இருப்பது தண்ணீரை வெளியே தள்ள. அகலமும் தட்டையுமான கார் டயர் வேகத்தில் தண்ணீர்மேல் ஏறி மிதந்துவிடும். சைக்கிள் டயரோ ஒடுங்கியது, வளைந்தது. தண்ணீரைத் தானே இரண்டு பக்கமும் பிளந்துவிடும். 40 இறாத்தல் காற்றுள்ள சைக்கிள் டயர் தண்ணீரில் மிதக்க வேண்டுமானால் மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் ஓட வேண்டும். காபட் வீதியில் பிடிப்புத் தருவது தரையோடு ஒட்டும் ரப்பர்ப் பரப்பு. உயரமான பட்டன் டயரில் அந்தப் பரப்பு குறைகிறது, வளைவில் பட்டன்கள் வளைந்து நெளிகின்றன, சைக்கிள் பாம்பு போல ஆடுகிறது. ஆகவே ஏ9 வீதியோரமாக மாத்தளைக்கு வேலைக்குப் போய்வருபவர் மழைக்காலத்துக்கென்று பட்டன் டயர் மாற்றினால், காசு கொடுத்து வழுக்கலை வாங்குகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

4. களியில் நிலைமை தலைகீழ். அங்கே பட்டன்கள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும், பிடித்த மண்ணைச் சுழற்சியில் உதறிவிடவும் வேண்டும். நெருக்கமான பட்டன்களுக்கு நடுவே வயல் களி அடைத்துக்கொண்டால் இரண்டு சுற்றில் டயர் வழுவழுவென்ற உருளையாகிவிடும். பட்டன்களுக்கு இடையில் உங்கள் சுண்டுவிரல் நுனி படுத்துக்கொள்ளும் இடைவெளி இருக்கட்டும். அகலமும் கூடாது. 1.9 இஞ்சிக்கும் 2.1 இஞ்சிக்கும் நடுவிலான டயர், மேல் சேற்றைக் கிழித்து அடியிலிருக்கும் கெட்டித் தரையைத் தொடும். 2.4 இஞ்சி டயர் மேலேயே மிதந்து பக்கவாட்டில் போகும்.

சிவந்த கிரவல் வேறு விதம். அதில் மணலும் சிறுகல்லும் கலந்திருப்பதால் ஒட்டாது, ஆனால் மழை ஓடிய இடத்தில் கல் உதிர்ந்து உருளும். அங்கே அகலம் கைகொடுக்கும், பட்டன்களின் இடைவெளி அவ்வளவு முக்கியமில்லை.

5. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பட்டன் ஒன்றின் ஓரத்தில் பெருவிரல் நகத்தை ஊன்றினால் தடம் விழுந்து மெல்ல மறைய வேண்டும். நகமே இறங்கவில்லை என்றால் அந்த ரப்பர் கடினம். நீண்ட நாள் உழைக்கும், ஈரக் கல்லில் வழுக்கும். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் ஈரத்தில் பிடிக்கும். இரண்டு குணமும் ஒரே டயரில் முழுதாகக் கிடைக்காது. விலை கூடிய டயர்களில் அடியில் கடின ரப்பரும் மேலே மென் ரப்பருமாகச் செய்திருப்பார்கள்.

ரப்பர் மரம் நம் தீவுக்கு வந்தது 1876-இல். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகளை கம்பஹா ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் நட்டார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 1888-இல், டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயருக்கு உரிமை பெற்றார். ரப்பர் விளையும் நாட்டில் இருந்துகொண்டு, எடுத்தால் பிளாஸ்டிக் போலச் சத்தம் போடும் மலிவு டயரை இறக்குமதிப் பெட்டியிலிருந்து வாங்குவானேன்? உள்ளூரில் செய்யும் டயரையும் எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. காசு இருப்பது ஒரு நல்ல டயருக்கு மட்டும்தான் என்றால், அது முன்னுக்கு. இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் வாலாட்டும், கால் ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் ஹேண்டில் கையைவிட்டுப் போகும், யோசிக்க நேரமில்லாமல் தரையில் கிடப்போம். கையெலும்பு முறிவதும் தோள்பட்டை விலகுவதும் பெரும்பாலும் இப்படி விழுவதில்தான். ஆனால் நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. உடம்பின் பாரமும் மிதிக்கும் விசையும் பின்டயரில் இறங்குவதால் அதுதான் முதலில் தேயும். தேய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பின்னுக்குப் போடுவோம். முன்னால் ஏழெட்டு வருடத்துப் பழைய டயர், ரப்பர் இறுகிக் கண்ணாடி போலாகி, "இன்னும் கட்டை இருக்குத்தானே" என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்.

சரியான முறை இது: பின்டயர் தேய்ந்தால், முன்டயரை எடுத்துப் பின்னுக்குப் போடுங்கள். புதியதை முன்னுக்குப் போடுங்கள். சைக்கிள் பாஸ் இரண்டு சக்கரத்தையும் கழற்ற வேண்டுமே என்று முணுமுணுப்பார். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் நட்டமில்லை. ஒரே ஒரு நிபந்தனை, முன்டயரில் வெடிப்பும் நூலும் தெரியக்கூடாது. தெரிந்தால் அது பின்னுக்கும் ஆகாது.

இரண்டு டயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. முன்னுக்கு மென் ரப்பரில், ஓரப் பட்டன்கள் உயர்ந்த டயர். பின்னுக்கு நெருக்கமான பட்டன்களோடு கடினமான டயர். பல்லேபொலப் பாதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சோடி எனக்குத் தெரியவில்லை.

7. டயரை மாற்றுமுன் காற்றை மாற்றிப் பாருங்கள். வழுக்குகிறது என்று வரும் சைக்கிள்களில் பலவற்றுக்குப் புது டயரே வேண்டாம். கல்லாக இறுகும்வரை காற்றடித்திருப்பார்கள், அதுதான் காரணம். மோட்டார் சைக்கிள் கடையில் கம்பிரசரில் அடித்தால் சில விநாடியில் 60 இறாத்தல் தாண்டிவிடும். அவ்வளவு இறுகிய டயர் கிரவல் கல்லில் துள்ளும், வேரின்மேல் சறுக்கும். காற்றைக் குறைத்தால் டயர் தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மடங்கி உட்காரும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர், 2 இஞ்சி அகல டயர், உள்ளே டியூப் என்று வைத்துக்கொள்வோம். காபட் வீதிக்கு முன்னால் 40, பின்னால் 45 இறாத்தல். கிரவலும் வீதியும் கலந்தால் முன்னால் 30, பின்னால் 35. சேற்றுக்கு முன்னால் 26, பின்னால் 30. அதற்குக் கீழே இறங்காதீர்கள். டியூப் உள்ள டயரில் காற்று மிகக் குறைந்தால், கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒரே இடத்தில் சோடியாக ஓட்டை கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றுக் குறைவுதான் காரணம். பாரம் கூடியவர் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் இரண்டு மூன்று இறாத்தல் கூட்டிக்கொள்ளலாம். கேரியரில் 25 கிலோ அரிசி மூட்டை ஏற்றும் நாளில் பின்டயருக்கு 50 வரை போகலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவை மட்டும் தாண்டக் கூடாது.

ஒடுங்கிய டயருள்ள பெரிய சைக்கிளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதில் காற்றுக் குறைத்தால் ரிம் கல்லில் அடிபட்டு நெளியும்.

காற்று பார்க்கும் மானி ஒன்றை வீட்டில் வாங்கி வையுங்கள். டயர் விலையில் சிறு பங்குதான் ஆகும். மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வு என்றால் மானி நன்றாகவே காட்டும். உள்ளே சிறு ரப்பர்க் குழாய் செருகிய பழைய வகை வால்வில் சாதாரண மானி வேலை செய்யாது. அங்கே கண்தான் மானி: சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, டயர் எவ்வளவு புடைக்கிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

8. டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே சேறு போக இடம் வேண்டும். புது டயர் போட்டபின் ஃபோர்க்கின் உட்பக்கத்திலும், பின்னால் செயின் பக்கக் குழாய்களிலும் ஒரு பென்சில் தடையில்லாமல் போய்வர வேண்டும். போகவில்லை என்றால் அந்த டயர் உங்கள் சைக்கிளுக்கு அகலம். மட்கார்ட் உள்ள சைக்கிளில் இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கட்டும். களி அடைத்துச் சக்கரம் நின்றுபோவது மேட்டில் என்றால் எரிச்சலோடு போகும், இறக்கத்தில் முன்சக்கரம் நின்றால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

9. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி பல டயர்களின் பக்கத்தில் இருக்கும். போடும்போது பாருங்கள். போட்டு முடிந்தபின் பார்த்தால் முழு வேலையும் திரும்ப.

10. டயரால் முடியாததை டயரிடம் கேட்காதீர்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை அதில் வழுக்கிக்கொண்டே போகும், சைக்கிள் நிற்காது. எவ்வளவு விலையுயர்ந்த டயர் போட்டாலும் இது மாறாது. அலுமினிய ரிம் பரவாயில்லை. டிஸ்க் பிரேக் நல்லது. இரும்பு ரிம் வைத்திருப்பவர்கள் மழையில் இறக்கம் தொடங்கும் முன்பே பிரேக்கை மெல்லப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். கிரவல் சேறு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டினால் உப்புத்தாள் போல உராயும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது டயரைவிட ரிம்முக்குத்தான் அவசியம்.

11. பாசிக்கு மருந்து டயர் கடையில் கிடையாது. வாசல் கொங்கிரீட்டிலும், கிணற்றடியிலும், நிழல் விழும் சரிவுப் பாதையிலும் படரும் பச்சைப் பாசியில் எந்த ரப்பரும் நிற்காது. பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அரைமணி நேரம் விட்டு, தென்னோலை ஈர்க்கு விளக்குமாற்றாலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்த்துக் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அமிலத் திரவம் எதையும் அதோடு கலக்காதீர்கள், நச்சுவாயு எழும். தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடவும் விடக்கூடாது. மழை தொடங்குமுன் புரட்டாசியில் ஒருமுறை, நடுவில் வெயில் கிடைக்கும் நாளில் இன்னொருமுறை. சைக்கிளில் போகிறவரைவிட நடந்துபோகும் பாட்டிக்கு இது பெரிய உதவி.

12. வெளிநாட்டிலிருந்து வரும் டயர். ஒஸ்லோவிலோ டொரன்டோவிலோ இருக்கும் மாமா, "அங்க மழைக்கு வழுக்குதாமே, நான் ஆணி வச்ச டயர் கொண்டு வாறேன்" என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அந்த ஊர்களில் தை மாதம் பாதையில் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும். அதில் கடிப்பதற்காக டயரின் பட்டன்களில் டங்ஸ்டன் கார்பைட் முனையுள்ள சிறு ஆணிகளைப் பதித்திருப்பார்கள். ஜெர்மனியின் சுவால்பே, பின்லாந்தின் நோக்கியன் பெயர்களில் வந்தவை இதில் பேர்போனவை. மலைச் சைக்கிள் டயர் ஒன்றில் முந்நூறு நானூறு ஆணிகூட இருக்கும். புது டயரைப் போட்டதும் முதலில் சில பத்துக் கிலோமீட்டர் சாதாரண வீதியில் நிதானமாக ஓட்டி ஆணிகளை ரப்பரில் இறுக உட்கார வைப்பது அங்குள்ள வழக்கம்.

நமக்கு அது எதற்கும் ஆகாது. ஆணி கடிக்கப் பனிக்கட்டி வேண்டும். நம் ஊர்க் கருங்கல்லிலும் காபட்டிலும் அது இறங்காது. ரப்பரைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துப் பிடிப்பைக் குறைக்கும், இரைச்சல் போடும், எடையும் கூட. நுவரெலியாவில் சில தை மாதக் காலைகளில் புல்லில் உறைபனி விழுவதுண்டு. அதுவும் வெயில் ஏறினால் போய்விடும். பழைய டயரின் உள்ளிருந்து திருகாணி அடித்து வீட்டிலேயே ஆணி டயர் செய்யும் காணொளிகளைப் பார்த்து யாராவது பிள்ளை கருவியை எடுத்தால் வாங்கி உள்ளே வையுங்கள். சேற்றில் அது பயன்தராது, விழுந்தால் காலைக் கிழிக்கும்.

மாமாவுக்கு ஏதாவது வாங்கித் தரவேண்டும் என்று ஆசை இருந்தால், விளிம்பில் இரும்புக் கம்பிக்குப் பதில் நார் வைத்த மடிக்கும் டயரைக் கேளுங்கள். சுருட்டினால் பெட்டியின் மூலையில் அடங்கும், எடையும் குறைவு. 559 அல்லது 584, 622, எது உங்களுடையதோ அந்த எண்ணை மறக்காமல் எழுதி அனுப்புங்கள். ஒரு விஷயம் மட்டும் அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்: ஒரே ஒரு ஆணி டயர் வாங்கத்தான் வசதி என்றால், பனி ஊர்க்காரர்களும் அதை முன்சக்கரத்தில்தான் போடுகிறார்கள்.

13. மழையில் பஞ்சர் கூடும். கண்ணாடித் துண்டோ கம்பியோ ஈர ரப்பரை வறண்ட ரப்பரைவிடச் சுலபமாக வெட்டும், தண்ணீர் வழவழப்பைக் கொடுத்துவிடுவதால். வீட்டுக்கு வந்ததும் டயரை ஒரு சுற்றுச் சுற்றி, பட்டன்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் கல்லையும் முள்ளையும் நோண்டி எடுங்கள். இன்று மேலே நிற்கும் முள் நாளை உள்ளே போகும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மாத்தளை மலைச்சரிவுகளையும் சரித்துப் போட்டது. அப்படிச் சரிந்து, பிறகு வெட்டித் திறந்த பாதைகளில் உடைந்த கூர்க்கல் நிறையக் கிடக்கும். அங்கே ஓடுபவர்கள் பக்கவாட்டு ரப்பர் தடித்த டயரையே எடுக்க வேண்டும்.

பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே பட்டியாக வைக்கும் நம் ஊர்ப் பழக்கம் நல்ல பழக்கம்தான். வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மெல்லிதாக்கி, பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவி வையுங்கள். இல்லாவிட்டால் பட்டியின் ஓரமே டியூபை அரித்துவிடும்.

14. ஈரத்தில் ஒட்டு நிற்காது. டியூப் நன்றாகக் காய வேண்டும், உப்புத்தாளால் தேய்த்த இடம் மங்கலாக வேண்டும், சொலூஷன் பூசிய பின் கையில் ஒட்டாத அளவுக்கு உலர வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒட்டு. மழையில் நின்று இதைச் செய்ய முடியாது. ஒரு மாற்று டியூபைக் கொண்டுபோய், ஓட்டை டியூபை வீட்டுக்கு வந்து ஒட்டுங்கள். நக்கிள்ஸ் மலைப் பக்கமென்றால் டியூப் மாற்றுவதையும் வீதியில் நின்று செய்யுங்கள். புல்லில் குந்தினால் அட்டைக்கு விருந்து.

15. ரிவஸ்டன் போகிறவர்களுக்கு. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் அந்த வீதி இப்போது சைக்கிள்காரர்களுக்குப் பிடித்தமானது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மூடுபனியும் காற்றும் தூறலும் இருக்கும். ஏறும்போது எந்த டயரும் ஏறும், சோதனை இறங்கும்போதுதான். அங்கே பெரும்பகுதி வீதி என்பதால் பட்டன் குறைந்த, மென் ரப்பர் டயரே சரி. ரிம் பிரேக் உள்ளவர்கள் நீண்ட இறக்கத்தில் ஒரே பிரேக்கைத் தொடர்ந்து பிடித்திருந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். முன்னும் பின்னும் மாறி மாறிப் பிடித்து, இடையிடையே நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள்.

16. வீதியில் பாதசாரிக் கடவைக் கோடு, இரும்பு மூடி, மரப்பாலத்துப் பலகை, தையில் உதிர்ந்து நனைந்து கிடக்கும் ரப்பர் இலை: இவற்றின்மேல் போகும்போது சைக்கிளைச் சரிக்காமல், பிரேக் பிடிக்காமல், நேராகப் போங்கள்.

17. டயரை மண்ணெண்ணெயாலோ பெற்றோலாலோ துடைக்காதீர்கள். தார் ஒட்டியிருக்கிறது என்று சிலர் செய்வதுண்டு. ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிப்போகும், பிறகு பொத்தலாகும். சவர்க்காரத் தண்ணீர் போதும். செயினுக்கு எண்ணெய் விடும்போது பின்டயரில் சொட்டாமல் ஒரு பழைய துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெயில் நேராகப் படும் சுவரோரம் நிறுத்தினால் பக்கவாட்டு ரப்பர் வெடிக்கும். தீப்பொறி எழும் மின்மோட்டாருக்குப் பக்கத்தில் நிறுத்துவதும் கூடாது, அந்தத் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரைக் கெடுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாத சைக்கிளைக் காற்றில்லாமல் நிறுத்தாதீர்கள், மடிந்த இடத்தில் நூல் அறுந்துவிடும்.

18. கடையில் நாளாகத் தொங்கும் டயரை எடுத்து, பக்கவாட்டை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். வாங்கும் டயரின் பக்கத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும் வெள்ளை வளையம் இருந்தால் அதையே எடுங்கள். மழை இருட்டில் குறுக்கே போகும் பள்ளிப் பிள்ளையை லொறிக்காரருக்குக் காட்டுவது அதுதான்.

19. பழைய டயரை முற்றத்தில் போடாதீர்கள். புது டயர் வந்த நாளில் பழையது கோழிக்கூட்டுப் பக்கமோ கூரைமேலோ போய்விடும். அதன் உள்வளைவில் ஒரு மழையில் தேங்கும் தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய பத்து நாள்தான் ஆகும். தண்ணீர் வற்றினாலும் ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கும். 2017-இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். வெட்டிப் பட்டியாக்கிக் கதவுக் கீலுக்கும் வாளிப் பிடிக்கும் பயன்படுத்தலாம், ஊஞ்சலாகக் கட்டினால் அடியில் நாலு ஓட்டை போட்டுத் தண்ணீர் வடிய விடலாம், ஒன்றும் இல்லையென்றால் கூரைக்குக் கீழே காய்ந்த இடத்தில் தொங்கவிட்டுப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடலாம். நுளம்பு பெருக இடம் வைத்திருப்பவர்மீது 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டுத் தண்டம் அறவிட முடியும்.